கணப்பும் அடுப்பும் : எல்லைப்புற மனைகளில் தீயின் இருக்கை

மக்கள் வாழ்க்கையில் தீ பெற்ற இடத்தை ஆராய்வோர் அது எவ்வாறு மூட்டப்பட்டது, எதனைச் சமைத்தது என்பன பற்றியே மிகுதியும் எழுதியுள்ளனர். மனையினுள் தீ எங்கே அமர்ந்தது, அவ்விருக்கை எவ்வாறு அணி செய்யப்பட்டது, அதன்முன் யார் அமர்ந்தனர், அதன்பின் யார் நின்றனர் என்னும் வினாக்கள் அத்துணை விரிவாக எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களுக்கு விடை தேடத் தகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்று, ஓசூரிலிருந்து இராயக்கோட்டை வழியாகத் தருமபுரி செல்லும் சாலையில் அமைந்த உத்தனப்பள்ளியும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர் மேட்டுநிலத்தைச் சேர்ந்த இப்பகுதியில், மார்கழி, தை மாதங்களில் விடியற்பனி வயல்களை மூடி நிற்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் நாடு இது. கேழ்வரகுக் களி கிண்டிய மண்ணடுப்பும், வெள்ளையர் பங்களாவின் சுவரில் பதித்த கணப்படுப்பும் ஒரே நூற்றாண்டில் அருகருகே எரிந்த நாடும் இதுவே.

கணப்பு என்பது குளிர்காய்வதற்கு இடும் தீ. அடுப்பு என்பது சமைப்பதற்கு இடும் தீ. மேலைநாட்டு வீடுகளில் முன்னது கூடத்தின் முகமாயிற்று. தமிழர் மனையில் பின்னது வீட்டின் உள்ளறையாயிற்று. இரண்டும் அணி செய்யப்பட்டன. ஆயின் ஒன்றன் அணி நூல்களில் ஏறியது. மற்றொன்றன் அணி நாள்தோறும் அழிந்து நாள்தோறும் புதுக்கப்பட்டு, எழுதப்படாமலே நின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் தரும் செய்தி

அடுப்பு என்னும் சொல் 'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. அடுதல் என்பதற்குச் சமைத்தல் என்றும் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. சமையலறையைக் குறிக்கும் 'அட்டில்' என்னும் பழஞ்சொல்லும் இவ்வடியினதே. உத்தனப்பள்ளிப் பக்கத்தில் கன்னடம் பேசுவோர் அடுப்பினை 'ஒலெ' என்பர். இது தமிழில் 'உலை' என நிற்பதன் உறவுச்சொல். தெலுங்கு பேசுவோர் 'பொய்யி' என்பர். தமிழில் உலை என்பது சோற்றுக்கு நீர் கொதிக்கும் கலத்தையும் குறிக்கும். கொல்லன் இரும்பு காய்ச்சும் களத்தையும் குறிக்கும். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருளின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. இரும்பு உலைக்கும் சோற்று உலைக்கும் ஒரே பெயர் வழங்கும் இந்நிலத்தில், தீயோடு மக்கள் கொண்ட பழக்கம் நெடியது என்பதற்கு இது தக்க சான்று.

மேலைமொழிகளிலும் சொல் ஒரு செய்தி சொல்கின்றது. ஓர் அறையில் கண் சென்று தங்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ஃபோகஸ்' என்னும் சொல்லால் குறிப்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அடுப்பு என்பதே பொருள். செருமானிய வானியலறிஞர் கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இச்சொல்லைக் கணிதக் கலைச்சொல்லாக ஆண்டார். கதிர்கள் கூடுமிடத்தில் பொருள் பற்றி எரிவதால் அடுப்பின் பெயரை அதற்கு இட்டார் என்பர். தமிழில் அதனைக் குவியம் என்கிறோம். மேலைநாட்டார் கண்ணையும் கருத்தையும் ஓரிடத்திற் குவித்தலைக் குறிக்க அடுப்பின் பெயரையே எடுத்துக்கொண்டனர். அவர்தம் கூடத்தில் எல்லா நாற்காலிகளும் தீயை நோக்கியே இடப்பட்டன என்பதை நினைத்தால் இச்சொல்லாட்சி வியப்பன்று.

சான்றோர் கண்ட தீ

சங்கச் சான்றோர் கணப்பினை அறியாதவர் அல்லர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்க்காலக் குளிரை விரித்துரைப்பது. அதன் தொடக்கத்தில் மழைக்கு ஒதுங்கி மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் தீயில் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். நகரத்து மாடங்களிலோ சாளரங்கள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. குளிர்ந்த நீரை எவரும் விரும்பாமல் அகன்ற வாயையுடைய 'தடவு' என்னும் கலத்தில் இட்ட நெருப்பை மக்கள் நாடுகின்றனர். தடவு என்பது சுவரில் கட்டிய இருக்கையன்று. எடுத்துச் செல்லத்தக்க கலம். குளிர் இருக்குமிடத்திற்குத் தீ சென்றது. குளிர் நீங்கியதும் கலம் மூலைக்குச் சென்றது. ஆண்டில் சில திங்களே குளிரும் நாட்டில் தீக்கு நிலையான முகப்பு தேவைப்படவில்லை.

ஆனால் அடுப்பின் தோற்றம் குடியின் முகமெனக் கருதப்பட்டமைக்குப் புறநானூறு சான்று பகர்கின்றது. காட்டில் இருந்த குமணனைக் கண்ட பெருந்தலைச்சாத்தனார் தம் வறுமையைக் கூறத் தொடங்குங்கால், பசியைப் பற்றி முதலில் பேசவில்லை, தம் வீட்டு அடுப்பைக் காட்டுகின்றார் (புறம். 164). உயர்ந்த பக்கங்களையுடைய அந்த அடுப்பு சமைத்தலை மறந்துபோக, அதில் காளான் பூத்திருக்கின்றது. தீ எரிய வேண்டிய இடத்தில் காளான் பூத்ததே அவ்வீட்டு அடுப்பின் அணி. இதனைவிடக் கூர்மையாக வறுமையைச் சொல்ல இயலாது.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது (புறம். 315). வீட்டு இறப்பிற் செருகிவைத்த தீக்கடைகோலைப் போல அவன் தோன்றாமலும் இருக்க வல்லன். அக்கோல் கான்ற பெருந்தீயைப் போலத் தோன்றவும் வல்லன் என்பது அதன் கருத்து. தகடூர் என்பது இன்றைய தருமபுரி எனக் கொள்வர். உத்தனப்பள்ளி வழியாகச் செல்லும் சாலை சென்று சேரும் ஊர் அது. அந்நாட்டுத் தலைவனுக்கு உவமை தேடிய புலவர் அரண்மனை விளக்கையோ வேள்வித் தீயையோ எடுக்கவில்லை. கூரையில் மறைந்து கிடக்கும் வீட்டுத்தீயை எடுத்தார். தமிழர் மனையில் தீ மறைந்து உறையும் பொருளாக இருந்தது. காட்சிப் பொருளாக இல்லை. இவ்வுண்மையை இவ்வுவமை உணர்த்துகின்றது.

மேலைநாட்டுக் கணப்படுப்பு

ஐரோப்பியரின் பழங்கூடங்களில் தீ நடுத்தரையில் எரிந்தது. புகை கூரை வழியே வெளியேறிற்று. பிற்பட்ட இடைக்காலத்தில் புகைபோக்கி பரவியபின் தீ சுவரை ஒட்டி நகர்ந்தது. சுவரை அடைந்ததும் அதற்கு ஒரு முகப்பு வாய்த்தது. இருபுறமும் தூண், மேலே உத்தரம், அதன்மேல் மாடப்பலகை, அதற்கும் மேலே குடிச்சின்னமோ ஓவியமோ என அது வளர்ந்தது. இங்கிலாந்தில் கெனில்வொர்த் கோட்டையில் உள்ள வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லால் ஆகிய கணப்படுப்பு இதற்குச் சிறந்த சான்று. கோட்டைத் தலைவரான லெஸ்டர் கோமகன் இராபர்ட் டட்லியின் பெயரெழுத்துகளும் அவர்தம் குடிமொழியும் அதிற் செதுக்கப்பட்டுள்ளன. 1575-இல் முதலாம் எலிசபெத் அரசியார் அக்கோட்டையில் 19 நாள் தங்கிச் சென்றார். தீயின் முகப்பு வீட்டுத்தலைவனின் பெயர்ப்பலகையாயிற்று.

அரசும் இதனைக் கண்டுகொண்டது. 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் கணப்படுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி விதிக்கப்பட்டது. வீட்டினுள் நுழைந்து அடுப்புகளை எண்ணிய அலுவலரை மக்கள் வெறுத்தனர். ஆயினும் அவ்வரிக் கணக்குகளே இன்று எந்த வீட்டில் எத்தனைத் தீ எரிந்தது என்று வரலாற்றறிஞர்க்குச் சொல்லும் ஆவணங்களாக உள்ளன.

1769-இல் இத்தாலியக் கலைஞர் பிரானேசி உரோம நகரில், கணப்படுப்புகளை அணி செய்யும் பல்வேறு முறைகளைப் பற்றித் தனிநூல் ஒன்றையே வெளியிட்டார். பண்டை உரோமர் இத்தகைய முகப்பினை அமைக்கவில்லை. எனவே கலைஞன் எகிப்து, கிரேக்கம், எத்துருஸ்கம் ஆகிய மரபுகளிலிருந்து தன் விருப்பம்போல் எடுத்தாளலாம் என்பது அவர்தம் வாதம். 1796-இல் இரம்ஃபோர்டு கோமகன் கணப்படுப்பின் குழியை ஆழங்குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகைவழியின் கழுத்தைச் சுருக்கினால் வெப்பம் அறைக்குள் மிகுதியாக வரும் என்று காட்டினார். இவ்வாறு கணப்பின் அழகுக்கும் அறிவியலுக்கும் நூல்கள் தோன்றின. மாடப்பலகையின் நடுவே கடிகாரம், இருபுறமும் இணையான விளக்குத் தண்டுகள், மேலே கண்ணாடி என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. தீ இல்லாத கோடையில் அதன் வாயை மறைக்கத் திரையோ பூச்சாடியோ வைத்தனர். எரியாதபோதும் அது கூடத்தின் நடுவமாகவே இருந்தது.

ஓசூரும் உதகையும்

இம்மரபு பாரமகால் நாட்டிற்குக் கும்பினியாரோடு வந்தது. 1791-இல் இராயக்கோட்டையை ஆங்கிலப் படை கைப்பற்றியது. 1792-இன் உடன்படிக்கையால் பாரமகாலும், 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர் மேட்டுநிலமும் கும்பினி ஆட்சிக்குள் வந்தன. 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை தோன்றியது. 1830 முதல் 1860 வரை சேலம் மாவட்டத்தின் தலைமையிடமாக ஓசூரே இருந்தது. தட்பமான காற்றை நாடிய ஆங்கிலேயர் ஓசூரைச் 'சின்ன இங்கிலாந்து' என்றழைத்தனர்.

அக்காலச் சூழலின் எச்சமே, பிரெட் என்னும் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓசூரில் எழுப்பிய கெனில்வொர்த் கோட்டை. தாம் மணக்கவிருந்த பெண்ணின் பிறந்த ஊர்க் கோட்டையைப் போலவே இங்கும் ஒன்று வேண்டுமென்று அவர் கட்டினார் என்பது வட்டாரச் செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், 1821-இல் வால்டர் ஸ்காட் எழுதிய புதினத்தால் கெனில்வொர்த் என்னும் பெயர் ஆங்கிலம் படித்தோர் நடுவே பெரும்புகழ் பெற்றிருந்தது. டட்லியின் கணப்படுப்பு இன்றும் இங்கிலாந்தில் காப்பாற்றப்படுகின்றது. ஓசூர்க் கோட்டையோ காப்பாரின்றிச் சிதைந்தது. தீயின் முகப்பைத் தம் பெயர்ப்பலகையாகக் கொண்ட ஒரு நாட்டார், அப்பெயரையும் இந்த வறள்மேட்டுக்குக் கொணர்ந்து நட்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இம்மரபு முழுமையாக வேரூன்றியது நீலகிரியில்தான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து எழுந்த பங்களாக்களில் கூடத்திற்கு ஒன்றும் படுக்கையறைக்கு ஒன்றுமாகக் கணப்படுப்புகள் அமைந்தன. அவற்றின் பசிக்குச் சோலைக்காடுகள் ஈடுகொடுக்கவில்லை. விறகின் தேவையை நிறைவு செய்யவே ஆஸ்திரேலிய நாட்டு மரங்கள் அங்கு நடப்பட்டன. 1843-இல் தைல மரம் நீலகிரிக்கு வந்தது. சீகை மரமும் அவ்வாறே வந்து பரவியது. பின்னர் அவை புல்வெளிகளையும் சோலைகளையும் விழுங்கியமை அனைவரும் அறிந்தது. கூடத்தின் ஒரு சுவரை அணி செய்த தீ, மலையின் முகத்தையே மாற்றியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அதே பங்களாவில் மற்றொரு தீயும் எரிந்தது. சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால் தனிக்கட்டடமாக ஒதுக்கப்பட்டிருந்தது. கூடத்துத் தீக்குப் புகைபோக்கியும் செதுக்கிய முகப்பும் உண்டு. சமையற்கட்டுத் தீயின் முன்னே சுவரெல்லாம் கரி படியப் புகையுள் நின்று உழைத்தவர் இந்நாட்டுப் பணியாளர். விறகு சுமந்தவரும் காலையில் சாம்பலை அள்ளியவரும் கணப்பின் முன் அமர்ந்தவர் அல்லர். கணப்பின் அணி அதனை மூட்டியவருக்குச் சொந்தமாகவில்லை.

மண்ணடுப்பின் அணி

உத்தனப்பள்ளி போன்ற ஊர்களின் மண்வீட்டு அடுப்பு இதற்கு நேர்மாறானது. அதனை வனைந்தவளும் மூட்டியவளும் அணி செய்தவளும் ஒருத்தியே. செம்மண்ணில் பதரும் உமியும் கலந்து மிதித்துப் பிசைந்து, வாய் விட்டு, மேலே கலம் அமர மூன்று குமிழ்கள் வைத்து, பக்கத்தே கொடியடுப்பு ஒன்றை இணைத்து வனைவது வழக்கம். பெரிய அடுப்பின் தீ உள்வழியே சென்று கொடியடுப்பின் கலத்தையும் காய்ச்சும். வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்தும் இவ்வமைப்பு இரம்ஃபோர்டு நூலைப் படித்து அறிந்ததன்று. விறகு சுமந்த தலை அறிந்தது.

அடுப்பு ஈரம் உலர்ந்ததும் சாணத்தால் மெழுகப்படும். வெள்ளிக்கிழமைகளிலும் விழாநாள்களிலும் அதன்மேல் காவியும் சுண்ணாம்பும் மாறிமாறிப் பட்டையாகத் தீட்டப்படும். குமிழ்களில் மஞ்சளும் குங்குமமும் ஏறும். வாயின் முன்னே சிறு கோலம் அமரும். பொங்கலன்று அடுப்பு முற்றத்திற்கே வரும். அவ்வொருநாள் தீ எல்லார்க்கும் காட்சியாகும். புதுமனை புகுவோர் முதலில் செய்வது பால் காய்ச்சுதல். சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; உறவினர் தம் வீட்டுச் சோற்றைக் கொணர்வர். எரியும் அடுப்பும் எரியாத அடுப்பும் அவ்வீட்டின் நிலையை ஊருக்குச் சொல்லின.

கணப்பின் அணி தீக்கு மேலே, தீ தொடாத இடத்தில் அமைவது. எனவே அது நூற்றாண்டுகள் நிற்கும். அடுப்பின் அணி தீயின் உடலிலேயே தீட்டப்படுவது. காலையில் இட்ட காவிப் பட்டை மாலையில் கரியுண்ணும். மறுவாரம் மீண்டும் தீட்ட வேண்டும். நிலைத்த அணியைப் பிரானேசி படம் வரைந்து நூலாக்கினார்; வரிவாங்கும் அலுவலர் எண்ணிக் கணக்கில் ஏற்றினார். அழியும் அணியை எண்ணியவரும் இலர், வரைந்தவரும் இலர். அது கையிலிருந்து கைக்கு, தாயிடமிருந்து மருமகளுக்கு, கண்ணால் கற்றுக் கடந்து வந்தது. வரலாற்று நூல்களில் அதற்கு இடமில்லாமற் போனதற்குக் கலைத்தகுதிக் குறைவு காரணமன்று. ஏட்டில் ஏறாமையே காரணம்.

அமரும் முறையிலும் வேறுபாடு உண்டு. கணப்பின் முன் வீட்டார் அனைவரும் தீயை நோக்கி அமர்ந்தனர். உழைப்பவர் பின்னே நின்றார். மண்ணடுப்பின் முன் தீயை நோக்கி அமர்ந்தவள் ஒருத்தியே. உண்பவர் வெளியே இருந்தனர். ஒருவர்க்குத் தீ ஓய்வின் முகம். மற்றவர்க்கு அது பணியின் முகம்.

புகையும் புதுவாழ்வும்

மண்ணடுப்பின் அழகைப் போற்றுமிடத்து அதன் கொடுமையை மறைத்தல் நேர்மையன்று. புகைபோக்கியில்லா அடுப்பங்கரையில் ஊதுகுழலை ஊதி ஊதிக் கண் சிவந்து, நெஞ்சு இருமலுற்ற பெண்கள் எண்ணற்றவர். விறகுப்புகை நுரையீரலுக்கு இழைக்கும் தீங்கு இன்று மருத்துவம் உறுதிசெய்த உண்மை. தமிழக அரசு 2007-இல் இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியதும், நடுவண் அரசு 2016-இல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியதும் அப்புகையிலிருந்து பெண்களை மீட்கும் முயற்சிகளே. கணப்பு மாந்தர்க்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்த புகைபோக்கி, அடுப்படிப் பெண்ணுக்கு எரிவாயு வடிவில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னருமே பரவலாகக் கிடைத்தது.

இதற்கிடையே நிலமும் மாறியது. ஓசூரில் 1970-களிற் காலூன்றிய சிப்காட் தொழில்வளாகம் விரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அண்மை ஆண்டுகளில் கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கங்களிலும் பெரும் மின்னணுத் தொழிற்சாலை எழுந்து, பல ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பணிக்கு வந்துள்ளனர். அவர்கள் தங்கும் விடுதி அறையில் கட்டிலுக்கு இடமுண்டு; அடுப்புக்கு இடமில்லை. பல தலைமுறைகளில் முதன்முறையாக இப்பகுதிப் பெண்ணொருத்தி அடுப்பின்முன் அமராமலே உண்டு பணிக்குச் செல்கின்றாள். இதனை இழப்பென்று மட்டும் கூறுவார் அடுப்பின்முன் அமர்ந்தறியாதவர்.

மறுபுறம், பெங்களூரு எல்லையை ஒட்டி எழும் அடுக்குமாடிகளின் கூடத்தில் நாற்காலிகள் அனைத்தும் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கித் திரும்பியுள்ளன. அதனைச் சுற்றிப் பலகையடித்து, விளக்கிட்டு, இருபுறமும் இணையாகப் பொம்மைகள் வைக்கின்றனர். பழைய மாடப்பலகையின் ஒழுங்கே அது. சில விடுதிகளில் மின்சாரத்தால் ஒளிரும் பொய்த்தீயும் சுவரில் எரிகின்றது. அதற்கு விறகும் வேண்டா, சாம்பலும் இல்லை. தீ நீங்கியபின்னும் முகப்பு எஞ்சி நிற்கின்றது.

மண்ணடுப்பின் வழியில் எஞ்சி நிற்பது வேறு. கருங்கல் மேடைமீது அமர்ந்த எரிவாயு அடுப்பைத் துடைத்து, வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, மேடையில் விரலளவு கோலம் வரையும் பழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. அங்கு முகப்பு போயிற்று, கை எஞ்சியது.

அக்கைக்கு இன்னும் நூல் இல்லை. எந்த ஊரில் குமிழ் எவ்வடிவில் வனையப்பட்டது, காவிப்பட்டை எத்தனை, கோலத்தின் பெயர் என்ன, தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் கன்னட வீட்டிலும் அடுப்பின் உறுப்புகளுக்கு வழங்கிய சொற்கள் யாவை என்பவற்றை அறிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஓர் அடுப்பின் காளானைக் கொண்டு ஒரு குடியின் துயரைக் காட்டியவரும், இறப்பிற் செருகிய தீக்கடைகோலைக் கொண்டு ஒரு தலைவனைக் காட்டியவரும் புலவர்களே. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார் தத்தம் ஊரில் ஒரு மூதாட்டியை நாடி, அவர் வனைந்த கடைசி மண்ணடுப்பின் சொற்களை எழுதிக்கொள்வாராயின், எண்ணப்படாத தீயின் வரலாற்றுக்கு முதல் ஏடு கிடைக்கும்.